வேண்டியிருந்தால் மட்டும் ஓடும் வண்டி

நான் வெனிஸ் நகரத்துக்குப் பதினொரு முறை போய்வந்திருக்கிறேன். பதினொரு முறையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எல்லாம் என் வீட்டுக்காரர் கிளிஃபர்டின் புண்ணியம். இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற எங்கள் ஊர் டார்லிங்டனில் ரயில்வே ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் இவர் வண்டி ஓட்டினவரும் இல்லை, கொடி காட்டினவரும் இல்லை. கால அட்டவணை போட்டவர். முப்பத்தொன்பது வருஷம் ஒரே ஆபீஸ், ஒரே நாற்காலி. நீளமான தாளை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு இழுப்பார். தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஊர்ப் பெயர்கள், குறுக்குவாட்டில் மணி. ஒரு கோடு என்றால் ஒரு வண்டி. கோடு செங்குத்தாக இறங்கினால் வண்டி பறக்கிறது. சாய்ந்து இறங்கினால் மெதுவாகப் போகிறது. கோடு படுத்துவிட்டதென்றால் வண்டி எங்கேயோ நிற்கிறது. நாற்பத்தாறு வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியதில் எனக்கு அயல்பாஷை ஒன்றும் வரவில்லை, இந்தக் கோட்டுப் பாஷை மட்டும் தண்ணீர் பட்ட பாடாக வந்துவிட்டது.

என் பெயர் ஏவ்ரில். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டவள். குரல் கொஞ்சம் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளிஃபர்டின் ஆபீஸில் இரண்டு பாவங்கள் உண்டு. முதலாவது, நேரத்துக்கு முன்னால் வண்டியைக் கிளப்புவது. லேட்டாகப் போகிற வண்டியை மன்னித்துவிடலாம், நேரத்துக்கு முன்னால் கிளம்புகிற வண்டியை மன்னிக்கவே கூடாது, பிளாட்பாரத்தில் யாராவது ஒருத்தர் ஓடி வந்துகொண்டிருப்பார் என்பார். இரண்டாவது, போன வண்டியைத் திருப்பிக் கொண்டுவர மறப்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கடலோரத்து சால்ட்பர்னுக்கு ஒரு சாயங்கால வண்டியை அனுப்பினார். அது திரும்பி வரக் கோடு போட மறந்துவிட்டார். மேலே இருந்தவர்களும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் இங்கே பிளாட்பாரம் நிறைய ஜனம், வண்டியைக் காணோம். அது சால்ட்பர்னில் கடலைப் பார்த்துக்கொண்டு ஹாயாக நின்றது. அன்றிலிருந்து அந்த ஆபீஸில் யார் எதை மறந்தாலும், குடையை மறந்தால்கூட, "சால்ட்பர்ன்!" என்று கத்துவார்கள். இவர் ரிட்டையர் ஆன அன்று வெட்டின கேக்கின் மேல் அதைத்தான் கிரீமில் எழுதியிருந்தார்கள்.

ரிட்டையர் ஆன மனுஷர்கள் தோட்டம் போடுவார்கள், மீன் பிடிப்பார்கள். இவர் ஒவ்வொரு ஜனவரியும் கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் பெட்டியில் கட்டிவைத்த மறுநாள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் தாளை விரித்துவிடுவார். மேலே டார்லிங்டன். கீழே வெனிஸ். நடுவில் லண்டன், பிரஸ்ஸல்ஸ், கொலோன், மியூனிக், இன்ஸ்ப்ருக், வெரோனா. ஈஸ்டர் வரை நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டுதான் சாப்பிடுவோம்.

தாளில் எங்களுக்கு இரண்டு கோடுகள். ஒன்றின் மேல் 'ஏ', இன்னொன்றின் மேல் 'சி', எங்கள் பெயர்களின் இங்கிலீஷ் முதலெழுத்து. ஒரு நூல் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் இறங்கும்.

"சேர்ந்துதானே போறோம், ஒரு கோடு போதாதா?" என்று முதல் வருஷம் கேட்டேன்.

"ஒண்ணா ஓடினாலும் வண்டி ரெண்டுதான் ஏவ்ரில்," என்றார். ரயில்வேக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் காதல் வசனம் இப்படித்தான் கிடைக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அவை சுகமாக இருந்தன. மத்தியானம் இறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கணப்பை மூட்டிவிட்டு நான் சாய்வு நாற்காலியில் உட்காருவேன். வெளியே மழை. கிளிஃபர்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்து வாசிப்பார்.

"பத்து பத்தொன்பது. கொலோன். இடது பக்கம் ஜன்னல் சீட்டு உனக்கு."

"இடது பக்கம் என்ன?"

"நதி."

நான் கண்ணை மூடிக்கொள்வேன். கணப்பின் உஸ் என்ற சத்தம் கொஞ்ச நேரத்தில் சக்கரச் சத்தமாகிவிடும். நாற்காலி லேசாக ஆடும். சத்தியமாக ஆடும்.

"இப்ப என்ன தெரியுது?" என்று அவர் கேட்பார்.

"ஏன், நீ பார்க்கலியா?"

"நான் நேரத்தைப் பார்த்துட்டிருக்கேன். நீ சொல்லு."

"ஒரு பெரிய படகு போகுது. நிலக்கரி ஏத்தியிருக்கு. மேல கயிறு கட்டித் துணி காயப் போட்டிருக்காங்க. ஒரு நாய் படகோட இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுது. நம்ம வண்டியைப் பார்த்துக் குரைக்குது."

"என்ன நிறம்?"

"பழுப்பு. ஒரு காது மட்டும் வெள்ளை."

"சரி," என்பார், நானே சொன்ன நாயைத் தாளில் சரிபார்த்துக்கொண்ட மாதிரி. "அடுத்து திராட்சைத் தோட்டம் வரும்."

அப்படியே போவோம். இன்ஸ்ப்ருக்கைத் தாண்டி மலை ஏறும்போது ஒரு சின்னக் கிராமம். அதைச் சுற்றி வண்டி ஒரு வளையம் வளைந்து மேலே ஏறுமாம். முதலில் சர்ச் கோபுரம் நமக்கு மேலே தெரியும், கொஞ்ச நேரத்தில் அதே கோபுரம் நமக்குக் கீழே. அதைச் சொல்லும்போது மட்டும் கிளிஃபர்டு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையால் காற்றில் ஒரு வளையம் போட்டுக் காட்டுவார். பிறகு சரிவு, ஆப்பிள் தோப்புகள், சமவெளி, வெயில். கடைசியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கடலுக்கு நடுவே நீளமான பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வண்டி. தண்ணீரின் மேலேயே நடந்து போவது போல இருக்கும். அங்கே வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். கண் திறந்தால் எதிரே எங்கள் பழுப்புத் திரைச்சீலை. ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகை வரும். யாரிடம் சொல்ல.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஈஸ்டர் வரும், இவர் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார். ஒரு வருஷம் வெரோனாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறார்களாம். ஒரு வருஷம் பிரஸ்ஸல்ஸில் வண்டி மாற எட்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். ஒரு வருஷம் என் இடுப்பு எலும்பு. உடனே தாளைச் சுருட்டி அலமாரி டிராயரில் வைத்துவிடுவார். அங்கே பதினொரு சுருள் கிடக்கிறது. என் பாஸ்போர்ட்டும் அந்த டிராயரில்தான் கிடந்தது. ஒரு முத்திரைகூட வாங்காமல் பத்து வருஷம் படுத்திருந்து அங்கேயே காலாவதியாகிப் போயிற்று.

போன வருஷம் இடுப்பு எலும்பை மாற்றிப் புதுசு வைத்தார்கள். எழுபத்திரண்டு வயதில் புது இடுப்பு, புது பாஸ்போர்ட். புத்தாண்டு அன்று காலையில் டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"இங்க பாரு கிளிஃப். இந்த வருஷம் நான் வெனிஸ் போறேன். நீ வந்தா உன்கூட. வராட்டி தனியா."

கோப்பையைப் பாதியில் நிறுத்தினார். "தனியாவா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

"வாய் இருக்கு," என்றார். "தனியாவா?" என்று மறுபடியும் கேட்டார். அந்த முகத்தை நான் அப்போது சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். பிப்ரவரி முடிவதற்குள் மனுஷன் டிக்கெட் வாங்கிவிட்டார்! செப்டம்பர் எட்டாம் தேதி புறப்பாடு. எல்லா ஊரிலும் அறை. இன்ஸ்ப்ருக்கில் மாடிப்படி இல்லாத அறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வீட்டு நோரீனிடம் சொன்னேன், கசாப்புக் கடையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடம்கூடச் சொன்னேன். கிளிஃபர்டு மட்டும் தாளை விட்டு எழுந்திருக்கவில்லை. டிக்கெட் வாங்கியாயிற்று, இன்னும் என்னத்தைக் கோடு போடுகிறார்?

"முடிஞ்சு போனதுக்கு இன்னும் என்னப்பா கிறுக்கிட்டிருக்க?"

"சில்லறை வேலை," என்பார்.

நான் காப்பியோடு பக்கத்தில் போனால் மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு மூடுவார். சரி, என் பிறந்தநாளுக்கு ஏதோ செய்கிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன். ஏப்ரல்தானே என் மாதம்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. கிளிஃபர்டு முடி வெட்டப் போயிருந்தார். லண்டனிலிருந்து என் தங்கை மகள் ஜில்லியன் போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, அங்கிள்கிட்ட சொல்லிடுங்க, செப்டம்பர்ல அந்த ரெண்டு வாரமும் நான் ஊர்லதான் இருப்பேன். லீவை மாத்தி வச்சுட்டேன்."

"எதுக்குடி?"

"உங்களுக்குத் தெரியாதா? எந்த நேரம் போன் பண்ணினாலும் ஸ்டேஷனுக்கு வர முடியுமான்னு கேட்டார். வருவேன்னேன். எதுக்குன்னா, மென்னு முழுங்கறார்."

போனை வைத்தேன். நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய் வெள்ளைத் தாளை எடுத்தேன்.

மேலே டார்லிங்டன், கீழே வெனிஸ். 'ஏ'யும் 'சி'யும் பக்கத்துப் பக்கத்தில் இறங்கின. வெனிஸில் நான்கு நாள் படுத்திருந்து, பக்கத்துப் பக்கத்தில் ஏறித் திரும்பி வந்தன. எல்லாம் சரி. ஆனால் போகிற வழியில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் வேறொரு கோடு கிளம்பி மேலே போனது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒன்று. கொலோனிலிருந்து ஒன்று. மியூனிக், இன்ஸ்ப்ருக், வெரோனா, வெனிஸ். திரும்புகிற வழியிலும் அப்படியே. எல்லாம் புள்ளிக்கோடு.

புள்ளிக்கோடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கல்குவாரிக்கு ஒரு சரக்கு வண்டி இருக்கும். கல் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. ஆனால் அதற்கான நேரத்தை யாரும் தொடாமல் தினமும் காலியாக வைத்திருப்பார்கள். 'வேண்டியிருந்தால் மட்டும் ஓடும்' என்று பெயர். ஜனங்கள் வாங்குகிற புத்தகத்தில் அது இருக்காது, ரயில்வேக்காரர்கள் கையில் வைத்திருக்கும் புத்தகத்தில் மட்டும்தான்.

எல்லாப் புள்ளிக்கோட்டின் மேலும் 'ஏ' என்று எழுதியிருந்தது.

முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். ஓஹோ, பாதி வழியில் இவளுக்கு முடியாமல் போகும், பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டு நாம் மட்டும் வெனிஸ் போகலாம் என்று திட்டமா? இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நான் தினமும் பூங்காவை இரண்டு சுற்று நடக்கிறேன், எனக்கா முடியாது? அப்புறம் ஓரத்தில் அவருடைய பொடிப்பொடி எழுத்தைப் படித்தேன்.

'கொலோன்: ஏ லிஃப்டில் இறங்க வேண்டும், பிளாட்பாரத்தின் பின்கோடி. பெட்டியை ஸ்டேஷன் ஆள் தூக்குவார், கேட்டுவைத்தாயிற்று.'

'பிரஸ்ஸல்ஸ்: இரண்டு மணி நேரம். ஏ இங்கே சாப்பிட வேண்டும். மறந்துவிடுவாள்.'

'லண்டன்: ஜில்லியன் கேட் அருகே நிற்பாள். ஏ அழுதால் அழட்டும், அடுத்த வண்டி அரை மணியில்.'

தாளுக்கு அடியில் ஒரு கட்டு அட்டை. ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் இரண்டு வரி, ஜெர்மனில், இத்தாலியனில், பிரெஞ்சில். கீழே எனக்குப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில்: 'நான் தனியாக வந்திருக்கிறேன். தயவுசெய்து இந்த வண்டியில் என்னை ஏற்றிவிடுங்கள்.'

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஊராக விரலை வைத்துப் பார்த்தேன். மியூனிக்கில் இரண்டு கோடு வருகிறது, ஒன்று மட்டும் புள்ளியாகி வீடு திரும்புகிறது. வெரோனாவில் இரண்டு வருகிறது, ஒன்று திரும்புகிறது. திரும்புகிறதெல்லாம் நான்தான். அவர் எங்கே?

வாசல் கதவு திறந்தது. கிளிஃபர்டு தொப்பியைக் கழற்றினார். முடி போனபோது இருந்தபடியே இருந்தது. நவம்பரிலிருந்து இந்த மனுஷன் நாலு தடவை முடி வெட்டப் போய்விட்டு வந்திருக்கிறார், அந்தப் பஞ்சு மண்டையில் ஒரு மயிர் குறையவில்லை, நானும் ஒரு பெண்டாட்டி என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்!

"பார்பர் என்ன சொன்னார்?" என்றேன்.

திருதிருவென்று முழித்தார். பிறகு தாள் திறந்திருப்பதைப் பார்த்தார். தொப்பியை மாட்டுகிற ஆணியைத் தேடிக் கை இரண்டு தடவை தவறியது.

"உட்காரு. மூச்சு வாங்குது பாரு. வாசப்படி மூணுதானே ஏறின? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டியேடா பாவி!"

"கத்தாத ஏவ்ரில். நோரீனுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! ஊருக்கே கேக்கட்டும்! என்ன உனக்கு?"

உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். "நெஞ்சுல ஒரு வால்வு சுருங்கிப் போச்சாம். ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்திருக்கு. அடுத்த வருஷம் கூப்பிடுவாங்களாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்படியே. பிரயாணம் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மூட்டை தூக்கக் கூடாது, படியில ஓடக் கூடாது. நான் என்னைக்கு ஓடினேன்?"

"இந்த நெஞ்சை வச்சுக்கிட்டுத்தான் இந்த வருஷம் டிக்கெட் வாங்கினியா? நல்லா இருந்த வருஷமெல்லாம் லிஃப்ட் சரியில்ல, எட்டு நிமிஷம் பத்தாதுன்னுட்டு?"

"இந்த வருஷம் போகலைன்னா அப்புறம் டிராயர்தான்." "லிஃப்டுக்காக இல்ல ஏவ்ரில். எட்டு நிமிஷத்துக்காகவும் இல்ல. எல்லா வருஷமும் ஒரே பயம்தான். எங்கேயோ பாஷை தெரியாத ஸ்டேஷன்ல எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா நீ பெட்டியோட பிளாட்பாரத்துல நிப்ப. எந்த வண்டின்னு உனக்குத் தெரியாது. அது கண்ணு முன்னாடி வந்துடும். சுருட்டி வச்சுடுவேன். இப்ப எல்லா ஊர்லேர்ந்தும் கோடு போட்டாச்சு. எங்க நின்னாலும் நீ வீட்டுக்கு வந்துடலாம். இனிமே பயம் இல்ல. போகலாம்."

இதை அவர் மழை வரும், குடை எடுத்துக்கொள் என்பது போலச் சொன்னார். எனக்கு அவரை நாலு அறை அறையலாம் போல இருந்தது, அந்த அசட்டுத் தலையை மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பதினொரு வருஷமாக என்னைக் கூட்டிப்போகாமல் ஏமாற்றுகிறார் என்று நான் வைததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆனால் எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் வாய் வந்துவிடும்.

"ரொம்ப நல்லது," என்றேன். "உன்னோடது எங்க?"

"எது?"

"'சி' புள்ளிக்கோடு. எழுபத்திரண்டு வயசு, இரும்பு இடுப்பு. இன்ஸ்ப்ருக்ல குளிக்கப் போற இடத்துல நான் வழுக்கி விழுந்து போயிட்டேன்னு வை. நீ எப்படி வீட்டுக்கு வருவ?"

அவர் தாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எந்த ஊரிலிருந்தும் 'சி'க்கு ஒரு புள்ளிகூட இல்லை.

"சால்ட்பர்ன்!" என்று கத்தினேன். "முப்பத்தொன்பது வருஷம் கேலி பண்ணியும் புத்தி வரலையே உனக்கு! போன வண்டியைத் திருப்பிக் கொண்டுவர மறந்துட்டியே!"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மறக்கல," என்றார். "போட்டுப் பார்த்தேன். மூணு தடவை. நீ இன்ஸ்ப்ருக்ல, நான் மட்டும் கிளம்பறேன்னு பென்சிலை வைப்பேன். கோடு படுத்துக்குது ஏவ்ரில். அங்கேயே படுத்திருக்கு. அதுக்கு மேல எனக்கு இழுக்க வரல."

விரலால் தொட்டுக் காட்டினார். இன்ஸ்ப்ருக் வரிசையில் ரப்பரால் அழித்த தடம் இருந்தது. தாளின் வலது ஓரம் வரைக்கும், வாரக்கணக்கில், ஒரே மட்டமாக. எங்கேயும் ஏறவே இல்லை.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். டீ போடவில்லை. அவர் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினேன்.

"நகரு."

"என்ன பண்ணப் போற?"

"நகருன்னா நகரேன்."

என் வாழ்க்கையில் அந்தத் தாளில் நான் கை வைத்தது அன்றுதான். இன்ஸ்ப்ருக்கில் ஆரம்பித்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். பழக்கமில்லாத கையில் புள்ளியெல்லாம் உளுந்து உளுந்தாக விழுந்தது. மியூனிக்கைத் தொடாமல், கொலோனைத் தொடாமல், ஒரே மூச்சில் டார்லிங்டனுக்கு ஏற்றிவிட்டேன். மேலே 'சி' என்று எழுதினேன்.

கிளிஃபர்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பழைய ஆபீஸ் முகம் வந்துவிட்டது.

"அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது ஏவ்ரில். மலைக்குள்ள நேரா விட்டிருக்க."

"நீ போவ."

"எங்கேயும் நிக்கக்கூட இல்ல. கடலைத் தாண்டறதுக்கு மூணே நிமிஷம் கொடுத்திருக்க."

"போவ. நான் சொல்றேன், போவ. இங்க வந்து ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துவ, நோரீன்கிட்ட என்னைப் பத்திக் குறை சொல்லுவ, ஞாயித்துக்கிழமை கறி வறுப்ப. அங்க படுத்துக்கலாம்னு நினைச்ச, கொன்னுடுவேன்." மறுபடி குனிந்து கொலோனுக்குப் பக்கத்தில் கோட்டை அழித்துக் கொஞ்சம் மட்டமாக்கி எழுதினேன்: 'சி இங்கே சாப்பிட வேண்டும்.' பென்சிலை வைத்தேன். "இன்னொண்ணும் கேட்டுக்கோ. நேரத்துக்கு முன்னாடி கிளம்பற வண்டியை மன்னிக்கவே கூடாதுன்னு சொன்னவன் நீதான். நான் பிளாட்பாரத்துல ஓடி வந்துட்டிருப்பேன். ஞாபகம் இருக்கட்டும்."

அவர் என் புள்ளிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பரை எடுக்கவில்லை. தப்பான கோட்டை அந்த மனுஷன் அழிக்காமல் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

செப்டம்பர் எட்டாம் தேதி கிளம்பினோம். தாளை நாலாக மடித்து, அந்த அட்டைக் கட்டோடு என் கைப்பையின் அடியில் வைத்திருந்தேன். எல்லா ஊரிலும் இரண்டு பேராகத்தான் இறங்கினோம், இரண்டு பேராகத்தான் ஏறினோம். பெட்டிகளை ஸ்டேஷன் ஆட்கள் தூக்கினார்கள். கொலோனைத் தாண்டினதும் இடது பக்கம் நதி வந்தது. படகு வந்தது. துணிகூடக் காய்ந்தது. நாய்தான் இல்லை. "அது உள்ள தூங்குதோ என்னவோ," என்றார் கிளிஃபர்டு. மலைக் கிராமத்துச் சர்ச் கோபுரம் முதலில் எங்களுக்கு மேலே இருந்தது, பிறகு கீழே வந்தது. அவர் ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு வளையம் போட்டார்.

ஆறாம் நாள் மத்தியானம் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். பச்சையுமில்லாமல் நீலமுமில்லாமல், வெயிலில் தூங்குகிற தண்ணீர். பழக்கதோஷம், நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால்தானே எனக்கு அது தெரியும். பிறகு சிரித்துக்கொண்டே திறந்தேன். திரைச்சீலை இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

"கிளிஃப், பாரு!" என்று திரும்பினேன்.

அவர் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கை விரிந்து கிடந்தது.

எனக்கு எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று. ஜன்னலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி ஓடுகிற மாதிரி தெரியவில்லை. கைப்பையின் அடியில் வெனிஸிலிருந்து கிளம்புகிற புள்ளிக்கோடு இருக்கிறது, அதன் பக்கத்தில் எந்த அட்டை என்பதுகூட எனக்குத் தெரியும். அதை எடுக்க மாட்டேன், செத்தாலும் எடுக்க மாட்டேன் என்று நினைத்தபடி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நாலு நிமிஷம் லேட்டு," என்றார் கண்ணைத் திறக்காமல்.

நான் அவர் கையைப் பிடித்தபடியே அழுதேன். எதிர் சீட்டு இத்தாலியக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"லேட்டானா பரவாயில்ல," என்றேன். "அதை மன்னிச்சுடலாம்."